"பொறு மகள், பொறு"

4 வயது மகள் விளையாடும்போது ஓயாமல் தனக்குத்தானே பேசுகிறாள், காற்றுக்கறுப்பு பட்டிருக்கும், நூல் கட்டுவோம் என்று மாமி சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பேச விடுங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் 11 ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை இப்படிப் பேசாத பிள்ளையைக் காண்பதுதான் அரிது.

என் மகளுக்கும் அப்போது 4 வயது. முற்றத்தில் சிரட்டைக்குள் மணலை அடைத்துப் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்ததும் உதிர்ந்துவிட்டது. "தண்ணீர் காணாது" என்றாள். கொஞ்சம் தெளித்தாள். "பொறு மகள், பொறு. மெதுவாகத் தட்டு." பக்கத்தில் ஒருவருமில்லை. அவளை 'மகள்' என்று கூப்பிடுவது நான்; குசினியில் அவள் அவசரப்பட்டால் 'பொறு' என்பதும் நான். என் சொல்லை எடுத்துத் தன் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

இந்தப் பேச்சைப் பற்றி 1920களில் எழுதிய சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே, பிறர் நிலையை உணரத் தெரியாத வயதின் பேச்சு, வளர வளர மறைந்துவிடும் என்றார். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி இதை ஏற்கவில்லை. படம் வரையும் பிள்ளைக்குத் தேவையான நிறப் பென்சில் கிடைக்காதபடி செய்து பார்த்தார். தடை வந்ததும் தனிப்பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது. வேலை சிக்கினால் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது. பெரியவர்களிடம் கேட்டுப் பழகிய அந்தச் சொல் பிறகு முணுமுணுப்பாகி, மனதுக்குள் போய்விடுகிறது என்பது அவர் கண்டது.

அதனால்தான் "வாயை மூடிக்கொண்டு செய்" என்று யாராவது அதட்டினால் எனக்குத் தாங்காது. செருப்பு வாரைப் பூட்டத் திணறும் பிள்ளையிடமிருந்து அந்தச் சொல்லையும் பறித்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

மற்றவர்களோடு பேசவே மாட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள், பேசிய சொற்களை மறந்து வருகிறாள் என்றால் அது வேறு. தாமதிக்காமல் கிளினிக்கில் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு பின்னேரம் மாமியையும் கூட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று கேளுங்கள். உங்கள் வீட்டுச் சொற்கள்தான் வரும், அதட்டலும் சேர்த்து.

என் மகளுக்கு இப்போது 7 வயது. கழித்தல் கணக்குச் செய்யும்போது உதடு மட்டும் அசைகிறது.