சார்ஜ்: போனில் ஏறுவதும் போலீஸ் போடுவதும்

கேள்வி: சார், போனுக்கும் சார்ஜ், கரண்ட் பில்லிலும் சார்ஜ், கோர்ட்டிலும் சார்ஜ். எல்லாம் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். லத்தீனில் கார்ருஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆகிவிட்டது. ஏற்றுவது என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி: துப்பாக்கியில் மருந்தை ஏற்றினாலும், ஒருவர் கணக்கில் செலவை ஏற்றினாலும், அவர் தலையில் பொறுப்பை ஏற்றினாலும், அவர்மேல் குற்றத்தைச் சுமத்தினாலும் எல்லாம் சார்ஜ்தான். கப்பலில் ஏற்றும் கார்கோ இதற்குப் பங்காளி. கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் காரிகேச்சரும் அப்படித்தான், இருக்கிற மூக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றி வரைவதுதானே அது!

கேள்வி: அப்ப லத்தி சார்ஜில் எதை ஏற்றுகிறார்கள்?

பதில்: நல்லா மடக்கினீங்க. அது போர்க்களத்து சார்ஜ், பாய்ந்து போய்த் தாக்குவது. கிரைமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து பெருத்த சேதம் அடைந்ததே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். லத்தி சார்ஜ் நம் நாட்டுச் சரக்கு. லண்டன்காரரிடம் பேசும்போது பேட்டன் சார்ஜ் என்று சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

கேள்வி: துப்பாக்கி மருந்துக்கும் என் போன் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்ணா?

பதில்: நிறையவே இருக்கு தம்பி. லேடன் ஜாடி என்று ஒரு கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சோதனை செய்த காலத்தில், பெஞ்சமின் பிராங்க்ளின் அந்த ஜாடிகளை நிரப்புவதைச் சார்ஜ் செய்வது என்றே எழுதினார். 1749 கடிதம் ஒன்றில், பல ஜாடிகளைச் சேர்த்துக் கட்டிய அமைப்புக்கு பேட்டரி என்றும் பெயர் வைத்தார். அதற்கு முன்பு பேட்டரி என்றால் பீரங்கி வரிசை! அப்புறம் உங்கள் போனில் 5,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறதே, அது மின்னூட்டத்தின் அளவு. இயற்பியலில் மின்னூட்டத்தை அளக்கும் அலகு கூலும்; அந்தக் கணக்கில் 18,000 கூலும்.

கேள்வி: பஸ் சார்ஜ் என்று சொல்லலாமா?

பதில்: தமிழில் தாராளமாக. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ஃபேர். டாக்டருக்குக் கொடுப்பது ஃபீஸ்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் த சார்ஜ் ஆஃப்' இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஐயோ, நேர் எதிர்ம்மா. நர்ஸ் 'இன் சார்ஜ் ஆஃப்' குழந்தை என்றால் நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். நர்ஸ் 'இன் த சார்ஜ் ஆஃப்' குழந்தை என்றால் குழந்தைதான் நர்ஸைப் பார்த்துக்கொள்கிறது! நடுவில் அந்த 'த' வந்தால் முதலில் நிற்பவர் பிறர் பொறுப்பில் இருப்பவர். பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: சார்ஜ் ஷீட் போட்டுவிட்டால் ஆள் குற்றவாளிதானே? டிவியில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பதில்: டிவிக்காரர்கள் ஆயிரம் பேசுவார்கள். சார்ஜ் ஷீட் என்பது விசாரணையை முடித்துவிட்டு போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் அறிக்கை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 193. அதைப் படித்துவிட்டு, முகாந்திரம் இருக்கிறது என்று தோன்றினால் நீதிபதி குற்றச்சாட்டு வனைவார், அதாவது இன்ன குற்றம் என்று முறைப்படி எழுதிப் பதிவு செய்வார். சட்டத்தின் கண்ணில் சார்ஜ் என்பது அதுதான், அதற்கப்புறம்தான் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம். முகாந்திரமே இல்லையென்றால் டிஸ்சார்ஜ், அதாவது ஏற்றப் பார்த்த பாரத்தை இறக்கிவிடுவது. தமிழில் இதை விடுவிப்பு என்பார்கள். வழக்கு முழுக்க நடந்து நிரபராதி என்று வெளியே வருவது விடுதலை. பேப்பரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், பார்த்துப் படியுங்கள்.