விரல் ரேகையும் விருப்பப் பட்டியலும்

கேள்வி: பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் என் மகளுக்கு, பள்ளியில் நடந்த திறனறித் தேர்வில் ‘கலை ஈடுபாடு’ என்று வந்திருக்கிறது. பொறியியலைக் கைவிட்டுவிடலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: கைவிடும் முன், அந்தத் தேர்வு எதை அளந்தது என்று பாருங்கள் அம்மா. ‘திறனறித் தேர்வு’ என்ற பெயரில் நடப்பவற்றுள் பல திறனை அளப்பதே இல்லை. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று மட்டுமே கேட்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து வளர்ந்த, வேலை நாட்டங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் பகுப்பில் கலையும் ஒன்று. அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றால் அவ்வகை வேலைகளில் நாட்டம் உண்டு என்று கொள்ளலாமே தவிர, கணிதம் வராது என்று கொள்ள இடமில்லை. மேலும், பதினேழு வயதுப் பெண் தான் கண்ணால் கண்ட வேலைகளை வைத்துத்தான் பதில் எழுத முடியும். ஆசிரியரையும் மருத்துவரையும் அறிந்த அளவுக்கு ஒரு நகரமைப்பு வல்லுநரை அவள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கணிதமும் வரைவதும் இரண்டும் பிடிக்கும் என்றால், ‘நாட்டா’ நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பில் சேரும் வழியும் இருக்கிறது. எந்தப் படிப்பானாலும், பல்கலைக்கழக இணையதளத்தில் அதன் பாடத்திட்டத்தை எடுத்து, மூன்றாம் பருவம் முதல் உள்ள தாள்களை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். முதலாண்டுத் தாள்கள் பல பிரிவுகளுக்குப் பொதுவானவை என்பதால் அவற்றிலிருந்து அதிகம் தெரியாது.

கேள்வி: ஐயாயிரம் ரூபாய் கட்டி மகனுக்கு விரல் ரேகைச் சோதனை செய்தோம். அறிக்கை அப்படியே அவனைப் பற்றி எழுதியதுபோல் இருக்கிறது. நம்பலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். விரல் ரேகை பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுவது. அதற்கும் ஒருவருடைய படிப்புத் திறனுக்கும் தொடர்பு உண்டென்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ‘அப்படியே’ என்ற வியப்புக்கும் காரணம் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பைத் தனித்தனி முடிவு போலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். அந்த வாசகங்களுள் பல சோதிட நூலிலிருந்து எடுத்தவை. (நம் ஊர்க் கிளி சோதிடருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

கேள்வி: ஒரே ஆளுமைத் தேர்வை இருமுறை எழுதினேன், இருவேறு வகை வந்தது. எது சரி? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

பதில்: இரண்டு முறையும் உங்கள் மதிப்பெண் இரு வகைகளையும் பிரிக்கும் நடுக்கோட்டுக்கு அருகில் விழுந்திருக்கலாம். 49-ஐ ஒரு பெட்டியிலும் 51-ஐ இன்னொன்றிலும் போடும் தேர்வுகளில் இது வழக்கம். வகையின் பெயரை விட்டுவிட்டு மதிப்பெண்களைப் பாருங்கள்.

கேள்வி: என் கட்-ஆஃப் 171. விரும்பும் பிரிவு கிடைக்காது என்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டால் இடம் போய்விடுமா? (மாணவி, சேலம்)

பதில்: போகாது. கலந்தாய்வில் உங்கள் தரவரிசை வரும்போது, நீங்கள் கொடுத்த வரிசைப்படியே மேலிருந்து கீழாக இடம் தேடப்படுகிறது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். ஆகவே உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்புங்கள், அடியில் போதுமான கல்லூரிகளையும் சேருங்கள். சேர மனமில்லாத இடத்தை மட்டும் எழுதாதீர்கள், அதுவே ஒதுக்கப்பட்டுவிடக்கூடும்.