ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு சர்வீஸ் நாய்: கிருஷ்ணகிரி பக்கம் கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுகிறான். வெளிநாட்டில் தருவதுபோல் சர்வீஸ் நாய் (உடல், மனக் குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்) கிருஷ்ணகிரியில் எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?

நாங்கள் காவேரிப்பட்டணம். என் மகளுக்கும் ஆட்டிசம்தான், வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. நான் தேடிய வரையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் முழுப் பயிற்சி கொடுத்து நாயைக் கையில் தரும் இடம் எதுவும் அகப்படவில்லை. நாய் வளர்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பையன் ரோட்டுக்கு ஓடுவதைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கனடாவில் 1990களில் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே நாய் பழக்க ஆரம்பித்தார்கள். நாயின் உடம்பில் ஒரு ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), அதிலிருந்து ஒரு வார் குழந்தையின் இடுப்பு பெல்ட்டுக்கு, இன்னொரு வார் பெற்றவர் கையில். குழந்தை ஓடப் பார்த்தால் நாய் நின்ற இடத்திலேயே ஊன்றி நின்றுவிடும். முப்பது கிலோ நாயைச் சின்னப் பிள்ளையால் இழுத்துக்கொண்டு ஓட முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

இதை நம் தெருவில் வைத்து யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருமுனையில் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எலும்புக்காக ஒரு தெருநாய்க் கூட்டமே அங்கே படுத்துக் கிடக்கும். பெல்ட் கட்டிய வீட்டு நாய் அந்தப் பக்கம் போனால் அத்தனையும் உறுமிக்கொண்டு எழுந்து வரும். நம்முடையது மிரண்டு பின்னால் இழுத்தாலும் சரி, எதிர்த்துப் பாய்ந்தாலும் சரி, இடுப்பில் கட்டிய பிள்ளையும் கூடவே போகும். கடி பட்டால் அப்புறம் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்கு ஓட வேண்டியதுதான். தெருநாய் இல்லாத ஊர்களுக்காக யோசித்த முறை இது. பக்கத்திலேயே என்ஹெச் 44 போகும் ஊரில் நான் என் பிள்ளையை நாயோடு கட்டமாட்டேன்.

வீட்டுக்குள் கதையே வேறு. மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை அடித்துக்கொண்டு தெருவில் வந்தால், என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிடுவாள். "மேல படு" என்றால் போதும், நாய் உள்ளே நுழைந்து அவள் தொடைமேல் முன்கால்களையும் தலையையும் போட்டுக் கிடக்கும். அவள் அதன் காது மடலை இரண்டு விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகும். தெரபிஸ்ட் கனமான போர்வை போர்த்தச் சொல்வார்களே, அந்த அழுத்தம்தான் இதுவும். "வாசலோட நிக்கட்டும், வீட்டுக்குள்ள நாயா?" என்ற என் மாமியார்தான் இப்போது பம்பைச் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக நாயை உள்ளே கூப்பிடுகிறார்.

போனில் ஒருவர் எங்களிடம் லட்சக்கணக்கில் விலை சொன்னார். "சர்வீஸ் டாக் சர்டிபிகேட்டோட தர்றோம் மேடம், ஜாக்கெட்டும் உண்டு." அமெரிக்காவில் 1990இல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில்கூட அப்படி ஒரு சர்டிபிகேட் தேவையில்லை, நாய் என்ன வேலை செய்யப் பழகியிருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தரும் பேப்பர் இனத்துக்கும் வம்சத்துக்கும்தானே தவிர, பயிற்சிக்கு இல்லை. ஒழுங்கான பயிற்சி என்றால் ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும், அதிலும் நிறைய நாய்கள் தேறாது. மூன்று மாதக் குட்டியைக் காட்டி "ட்ரெய்ன் ஆனது" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வலிப்பு வருவதை முன்கூட்டியே சொல்லும் நாய் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். வலிப்பு வந்ததும் குரைத்து ஆளைக் கூப்பிடப் பழக்கலாம். முன்கூட்டியே கண்டுபிடிக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

குட்டி வேண்டாம். இரண்டு வயது தாண்டிய, குணம் தெரிந்த நாயாகப் பாருங்கள். எங்களுடையது ஓசூரிலிருந்து பெங்களூரு அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் கொடுத்தது. பார்க்கப் போகும்போது ஓர் எவர்சில்வர் தட்டை அதன் பின்னால் ணங்கென்று போடச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்துவிட்டு வந்து மோந்தால் நல்லது; ஓடி ஒளிந்தாலோ பல்லைக் காட்டினாலோ வேண்டாம். வாலைப் பிடித்து, பாதத்தை அமுக்கி, தின்னும்போது பாத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் (அதை வளர்ப்பவரை விட்டுச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் வேண்டாம்). ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அருமையான நாய்கள், ஆனால் வேட்டை இனம். ஓடுவதைக் கண்டால் துரத்தும், ஓடுகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சரிப்படாது.

தீவனம், வருடா வருடம் ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, மழைக்காலத்தில் உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் நாலாயிரம் வரை ஆகிறது. வெயில் நாளில் காலை ஏழு மணிக்குள் நடத்திவிட வேண்டும், தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். ரயிலில் நாயை ஏசி முதல் வகுப்பில் தனி அறை எடுத்தோ ரயில் கார்டு இருக்கும் பெட்டியிலோதான் கொண்டுபோக முடியும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓடுகிற பிரச்சினைக்கு இந்த வாரமே செய்யக்கூடியது: கேட்டில் பையனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பர் தைத்த துணி, எதிர்க்கடை அண்ணனிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பையன் போட்டோ. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இன்னும் எடுக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று அங்கேயே தெரிந்துவிடும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசத்துக்கு வருடம் ஒரு லட்சம் வரை உண்டு, தெரபி செலவும் அதில் வரும்.

இதெல்லாம் ஆன பிறகு, நாய் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் பையனை நாலைந்து சாயங்காலம் கூட்டிப் போங்கள். குரைப்புச் சத்தமே தாங்காத பிள்ளைகள் உண்டு. அவன் அதன் பக்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசலாம்.