சின்ன நாய் ஓயாமல் குரைப்பதை எப்படி நிறுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது பொமரேனியன். காலிங் பெல் அடித்தால் குரைக்கிறது, படிக்கட்டில் காலடி கேட்டால் குரைக்கிறது, ஜன்னல் வழியே பூனையைப் பார்த்துவிட்டால் அடங்கவே மாட்டேன் என்கிறது. அதட்டினால் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். குரைத்தால் கழுத்தில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலர் என்ற பட்டையை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். பயந்து குரைக்கும் நாய்க்குக் காலடி கேட்கிறது, குரைக்கிறது, கழுத்தில் சுரீரென்று வலிக்கிறது. நாம் குரைத்ததால்தான் வலித்தது என்று அது சரியாகக் கணக்குப் போடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காலடி கேட்டாலே வலி வரும் என்று முடிவு கட்டிவிட்டால், அந்தச் சத்தத்தின் மேல் ஏற்கெனவே இருக்கிற பயம் இன்னும் ஏறும். வாயைத் திறக்கவே அஞ்சி, எச்சரிக்காமல் கடிக்கிற நாயாகவும் மாறிவிடலாம். வேல்ஸில் இந்த மின்சாரக் காலர்களை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். குரல் நாணை வெட்டும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். மருத்துவக் காரணமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் செல்லப்பிராணிகள் உடன்படிக்கை சொல்கிறது. சத்தம் போனாலும் பயம் அப்படியேதான் இருக்கும், அதைச் சொல்வதற்கு இருந்த ஒரே வழியும் போய்விடும். அது பெரிய கொடுமை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு நாய் திரும்பத் திரும்பக் குரைக்கிறது என்றால், குரைப்பதால் அதற்கு ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்காமல் எந்தப் பயிற்சியும் பலிக்காது. பார்சல் கொண்டுவருபவரை நாயின் இடத்திலிருந்து பாருங்கள். யாரோ வாசலுக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். குரைக்காவிட்டாலும் அவர் போயிருப்பார் என்பது நாய்க்கு எப்படித் தெரியும்? ஆளை விரட்டிவிட்டோம் என்றுதான் அது நினைக்கும். தினமும் பலன் தருகிற வேலையை அது ஏன் விடப்போகிறது?

அதட்டல் எடுபடாததற்கும் இதே காரணம்தான். நாய் பரபரப்பாக இருக்கிற நேரத்தில் நீங்களும் குரலை உயர்த்தினால் பரபரப்பு இன்னும் ஏறும். கவனம் வேண்டும் என்று குரைக்கிற நாய்க்கு, திட்டும் ஒரு கவனம்தான்.

ஆகவே ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனித்துக் குறித்து வையுங்கள். எப்போது, எங்கே, எதைப் பார்த்து, அப்புறம் என்ன நடந்தது. உடம்பைப் பாருங்கள். எங்கள் நாய் மின்னியும் உங்கள் பொமரேனியனைப் போலவே ஸ்பிட்ஸ் வகை. வெளியே சத்தம் கேட்டதும் முதலில் ஒரு காது மட்டும் கதவுப் பக்கம் திரும்பும். அப்புறம் திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், மூச்சு நின்றதுபோல் உடம்பு விறைக்கும், அதற்கு அடுத்துதான் குரைப்பு. உடம்பை முன்னால் தள்ளி வாலைத் தூக்கிக் குரைத்தால் அது காவல். பின்னால் சாய்ந்து, காதை மடக்கி, ஒரு குரைப்புக்கு ஒரு அடி பின்வாங்கினால் அது பயம். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு விட்டு விட்டுக் குரைத்தால், உங்களிடம் ஏதோ கேட்கிறது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பிட்ஸ் இன நாய்களுக்குச் சத்தம் கேட்டால் குரல் கொடுப்பது பிறவிக் குணம். டாஷ்ஹண்ட் என்ற குட்டைக்கால் வேட்டை நாயை எடுத்துக்கொண்டால், வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கை மடக்கி, தான் இருக்கும் இடம் மேலே நிற்கும் வேட்டைக்காரருக்குத் தெரியும்படி மண்ணுக்கடியிலிருந்து குரைக்கவே வளர்த்த இனம் அது. அப்படிப்பட்ட நாய்களிடம் முழு மௌனத்தைக் கேட்பது நியாயமில்லை. இரண்டு மூன்று தடவை குரைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா, அதுவே வெற்றி. இன்னொன்று, மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். உங்களுக்கு ஒன்றுமே கேட்காதபோது அது குரைத்தால், காரணமில்லாமல் குரைக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

காலிங் பெல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் வீட்டு மணிச் சத்தத்தையே போனில் பதிவு செய்யுங்கள். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில், காது திரும்பும் அளவுக்கு மட்டும் மிக மெதுவாக ஒலிக்க விடுங்கள். ஒலித்த ஒன்றிரண்டு நொடிக்குள் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு. மறுபடியும் ஒலி, மறுபடியும் துண்டு. வரிசை முக்கியம்: ஒலி முதலில், தீனி பிறகு. தீனியைக் காட்டிவிட்டு மணியை ஒலிக்கவிட்டால் பாதிப் பயன் போய்விடும். மணி கேட்டதும் கதவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறதா? அப்போது சத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். நடுவில் குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டுக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். திட்டாமல் ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் நாயும் சலித்துப்போகும், நீங்களும் பொறுமை இழப்பீர்கள்.

இது பழகியபின் ஒரு பாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணி கேட்டால் வாசலுக்கு ஓடாமல் பாய்க்குப் போக வேண்டும். முதலில் மணியே இல்லாமல் பாய்க்குப் போகப் பழக்குங்கள், அப்புறம் போன் மணி, கடைசியில் நிஜ மணி. “குரைக்காதே” என்பது நாய்க்கு விளங்காத கட்டளை. அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடியாத நிலையில் நிஜமாகவே விருந்தாளி வந்துவிட்டால், சின்னத் துண்டுகளாக ஒரு கைப்பிடி தரையில் தூவிவிடுங்கள். மோந்து மோந்து தேடுகிற மூக்கு பெரும்பாலும் வாயை அடக்கிவிடும்.

“போதும்” என்ற சொல்லையும் கற்றுக்கொடுக்கலாம். குரைப்புக்கு நடுவே அது மூச்சு வாங்க நிறுத்தும் அந்தச் சின்ன இடைவெளியில், தாழ்ந்த குரலில் “போதும்” சொல்லித் தீனி கொடுங்கள். அடுத்த முறை இரண்டு நொடி அமைதிக்குக் கொடுங்கள், அப்புறம் ஐந்து நொடிக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. சில கெட்டிக்கார நாய்கள் குரைத்து நிறுத்தினால் தீனி என்று பாடம் படித்துக்கொண்டு, அதற்காகவே குரைக்க ஆரம்பிக்கும். அதனால் குரைக்கவே குரைக்காமல் இருந்த தருணங்களுக்குத்தான் நல்ல துண்டு, நிறுத்தியதற்குச் சுமாரான துண்டு. தீனியெல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சின்ன உடம்பில் எடை சீக்கிரம் ஏறிவிடும்.

உங்களிடம் ஏதாவது கேட்டுக் குரைத்தால், பார்க்காமல், பேசாமல் இருங்கள். வாயை மூடியதும் திரும்பிப் பாருங்கள். முதல் சில நாட்கள் குரைப்பு முன்பைவிட மோசமாகும். இதுவரை பலித்தது பலிக்கவில்லையே என்று இன்னும் உரக்க முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் மனம் இளகிப் பந்தைத் தூக்கிப் போட்டீர்களானால், இவ்வளவு உரக்கக் குரைத்தால்தான் நடக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். பயத்தில் குரைக்கிற நாயை மட்டும் இப்படி விட்டுவிடாதீர்கள். பயமுறுத்தும் பொருளிடமிருந்து முதலில் தள்ளி அழைத்துப் போங்கள், அது அமைதியாகப் பார்க்கக்கூடிய தூரத்தில் நின்று பழக்குங்கள்.

ஜன்னலுக்குக் கண்ணாடி மறையும்படி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பூனைப் பிரச்சினை பாதி அன்றைக்கே தீரும்.

சின்ன நாய்தானே, வீட்டுக்குள் ஓடினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தால் அது நடை ஆகாது. வெளியே தன் காலால் நடந்து, தான் விரும்பும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்க வேண்டும். அந்த வேலை கிடைத்த நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கும். வளர்ந்த நாய்க்கே நாளுக்கு 12 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை, தூக்கம் கெட்ட நாய் எதற்கெடுத்தாலும் சீறும். நடைக்குக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் போடுங்கள். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து சுருங்கும் நோய் வரும் வாய்ப்பு அதிகம். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் வெளியே போனபின் குரைக்கிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். போன சில நிமிடங்களிலேயே எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டிக்கொண்டு ஊளையிட்டால் அது தனிமைப் பதற்றம். அதற்கு மேலே சொன்ன எதுவும் போதாது. மிகக் குறுகிய நேரப் பிரிவில் தொடங்கி மெல்ல மெல்ல நீட்டிப் பழக்க வேண்டும். கால்நடை மருத்துவர் தேவையென்று பார்த்தால் மருந்தும் கொடுப்பார். இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினாலும், வயதான நாய் இரவில் எழுந்து நின்று குரைத்தாலும் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வலியோ, காது மந்தமோ, மூளை முதுமையோ இருக்கலாம்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் கண்டுகொள்ளாமல் இருக்க, இன்னொருவர் பாவம் என்று பிஸ்கட் நீட்டினால் மாதங்கள் ஓடிவிடும். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ப் பயிற்சி தொடங்கியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். சம்மதித்தால் மாலையில் ஒரு தடவை உங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். போன் மணிக்குப் பழகிய நாயை நிஜ மணிக்குப் பழக்க ஒரு ஆள் கட்டாயம் தேவைப்படும்.