ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி. முழுக்க ஒரே சி டிரைவ், விண்டோஸ் 11. பாதிக்கு மேல் காலி. மகள் படிப்புக்கு லினக்ஸ் வேண்டும் என்கிறாள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு உபுண்டு என்ற லினக்ஸைப் போட நினைத்து, சி டிரைவைச் சுருக்கி இடம் எடுக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்தேன். வெறும் 11 ஜிபிதான் தரமுடியும் என்கிறது. வேறு பார்ட்டிஷன் மென்பொருள் போட்டுப் பிரித்துவிடலாமா?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

அவசரப்பட வேண்டாம். பல வருஷம் முன்பு நான் செய்தது அதைத்தான். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியின் வலது ஓரத்தைக் குறைப்பது எளிய வேலை. நான் இடது ஓரத்தை நகர்த்தினேன். அப்போது உள்ளே இருக்கும் அத்தனையையும் எடுத்து வேறு இடத்தில் எழுத வேண்டும். அறுபது சதவீதத்தில் கரன்ட் போய்விட்டது. யுபிஎஸ் இல்லை, பேக்கப்பும் இல்லை. ஒரு கூத்துக் கலைஞரிடம் மூன்று மணி நேரம் பதிவு செய்த பேச்சு அதோடு போயிற்று. அவர் இன்று இல்லை. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். எடுத்த நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். கணினி கிளம்பும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்றுவிடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இனி அந்த 11 ஜிபி. விண்டோஸ் சி டிரைவின் கடைசியிலிருந்துதான் இடம் விடும். வழியில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி டிரைவின் தொடக்கப் பக்கம் எவ்வளவு காலி இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் அது பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையான கோப்பு), ஹைபர்நேட் கோப்பு (கணினி தூங்கும்போது நிலையைச் சேமிப்பது), சிஸ்டம் ரெஸ்டோர் நகல்கள் (பழைய நிலைக்குத் திரும்ப உதவுபவை) ஆகியவற்றில் ஒன்று. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் கொடுங்கள். எண்ணிக்கை பெரும்பாலும் ஏறிவிடும். பெட்டியில் எம்பி கணக்கில் 102400 என்று போட்டால் 100 ஜிபி. உபுண்டுவுக்கு இது தாராளம். கிடைத்த இடத்தை ஃபார்மட் செய்யாமல் 'அன்அலகேட்டட்' (யாருக்கும் ஒதுக்காத இடம்) என்றே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பேஜ்ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போடுங்கள். ஹைபர்நேட்டை மட்டும் அணைத்தே வையுங்கள். விண்டோஸை வேகமாகக் கிளப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போய்விடும். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் சி டிரைவில் எதையாவது எழுதினால் கோப்புகள் கெடும்.

உபுண்டு போடும்போது 100 எம்பி, 260 எம்பி என்று சின்னதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் தெரியும். இரண்டு சிஸ்டத்துக்கும் வாசல் அதுதான். அதை அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது. டிஸ்க் முழுவதையும் அழிக்கும் 'எரேஸ் டிஸ்க்' பக்கம் போகவே போகாதீர்கள். ரேமுக்குத் துணையான ஸ்வாப் பார்ட்டிஷன் தனியாக வேண்டாம், உபுண்டு 17.04-இலிருந்தே அதற்கு ஒரு கோப்பு போதும். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் முறை 'ரெய்டு' (RAID) என்று இருக்கிறதா பாருங்கள். அதை நீங்களாக மாற்றாமல் எனக்கு எழுதுங்கள், மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை. லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உபுண்டு டெர்மினலில் ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.