படத்தில் வரும் விண்கலத்தின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்து, தெரியாததை அளக்கிறோம், அவ்வளவுதான். திரையில் தூரம் தெரியாது. கிட்டத்தில் உள்ள சின்னதும் தொலைவில் உள்ள பெரியதும் ஒரே அளவாகத் தோன்றும். அதனால் கலத்தை ஒட்டியே இருக்கும் ஆளையோ கதவையோ தேடுங்கள்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரியைப் பக்கவாட்டில் படம் எடுக்கிறீர்கள், ஒட்டி நிற்கும் டிரைவர் 1.7 மீட்டர், லாரி அவரைப்போல் 5 மடங்கு நீளம் என்றால் 8.5 மீட்டர். சரி, அதே டிரைவர் கேமராவை நோக்கி நாலு எட்டு வந்துவிட்டால்? அவர் பெரிதாகத் தெரிவார், அவரோடு ஒப்பிட்டால் லாரி சுருங்கிவிடும், கணக்கே கெட்டுப்போகும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

படப்பிடிப்புக்குச் செய்த சிறிய மாதிரிக் கலத்தை அளந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸில் 1,600 மீட்டர் நீளம் எனப்படும் ஸ்டார் டிஸ்ட்ராயர் என்ற போர் விண்கலத்துக்குச் செய்த மாதிரி சுமார் 91 சென்டிமீட்டர்தான்.