ஆறு மா நிலமும் ஒரு பிடி பூனைக்காலி விதையும்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கிற கேள்வி இது. மகள் நீட் தேர்வை இரண்டாவது முறையும் எழுதிவிட்டாள். அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. ஆறு மா நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடச் சொல்கிறார் தாய்மாமன். வெளிநாட்டுக்கு அனுப்பினால் பாதிச் செலவுதான் என்கிறார் சித்தப்பா. பெண்ணோ, நரம்பைப் பற்றியும் மூலிகை விதைகளில் இருக்கும் மருந்துப் பொருள்களைப் பற்றியும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். "அதுக்கும் டாக்டருக்குத்தானே படிக்கணும்? இல்லேன்னா அது என்ன படிப்பு?" என்று கேட்கிறார் அப்பா.

ஐயா, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நேராகவே சொல்கிறேன், நிலத்தை விற்காதீர்கள்.

பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைக் கடந்துவிடும். ஆறு மா என்பது 2 ஏக்கர். அதை விற்றாலும் மீதிக்குக் கடன்தான். அதோடும் நிற்காது, அடுத்து முதுநிலைக்கு மறுபடி நீட், மறுபடி கட்டணம். வெளிநாட்டில் படித்தால், இங்கே வந்து மருத்துவம் பார்ப்பதற்கான எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். அண்மைய ஆண்டுகளில் பல தேர்வுகளில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. சித்தப்பாவின் "பாதிச் செலவு" கணக்கில் இது வராது. இத்தனையும் அந்தப் பெண் கேட்காத ஒரு படிப்புக்காக.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது கைகால் நடுங்கி உடம்பு இறுகிப்போகும் நடுக்குவாதத்துக்கு, இன்றும் முதன்மையான மருந்து எல்-டோபா. 1913இல் அதை ஒரு வகை அவரை விதையிலிருந்து பிரித்தெடுத்தவர் மார்கஸ் குகன்ஹைம் என்ற சுவிஸ் உயிர்வேதியியலர். (தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். உங்கள் மகள் அந்த வேலையெல்லாம் செய்ய வேண்டாம்.) 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி என்ற கொடியின் விதையிலிருந்து பிரித்து வெளியிட்டார்கள். 1957இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து முடங்கிக் கிடந்த முயல்களை எல்-டோபா கொடுத்து எழுப்பிக் காட்டினார். 1960இல் வியன்னாவின் ஹார்னிகீவிச், நோயாளிகளின் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற பொருள் வற்றிப்போயிருப்பதை அளந்து சொன்னார். பின்னவர்கள் இருவரும் மருத்துவம் படித்தவர்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் எடுத்த பொருளைத் தந்தது வேதியியல்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி பி.எஸ்சி. வேதியியல். அரசு கலைக் கல்லூரியிலேயே போதும். "கெமிஸ்ட்ரியா?" என்று உறவில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம் பற்றியெல்லாம் ஊரில் சொல்ல ஆள் இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பூனைக்காலியையே எடுத்துக்கொள்வோம். விதையின் எடையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் எல்-டோபா. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். எந்த ரகம், எந்த ஊர் என்று தெரியாத அந்தப் பொட்டலத்தை வைத்து ஆராய்ச்சி செய்தால் கட்டுரை திரும்பி வந்துவிடும். பூவும் காயுமாகக் கொடியை எடுத்து, அழுத்தி உலர்த்தி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் உள்ள ராபினட் ஹெர்பேரியம் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) போன்ற இடத்தில் பெயரை உறுதி செய்து, மாதிரிக்கு எண் வாங்குவதுதான் முதல் வேலை. காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பிறகு தோலை நீக்கிப் பருப்பைப் பொடித்து, சலித்து, பெட்ரோலியம் ஈதரால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தங்கினால் பின்னால், கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியின் குழாய் அடைத்துக்கொள்ளும், அந்தக் குழாய் விலை அதிகம். எண்ணெய் நீங்கிய பொடியில் 1 கிராம் எடுத்து, 50 மில்லி 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கி வடிக்க வேண்டும். தண்ணீர் போதாதா, அமிலம் ஏன் என்று கேட்கலாம். எல்-டோபா காற்றோடு சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுத்துவிடும். காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகமாக, இரும்பு பட்டாலும் வேகமாக. இரும்பு உரலில் இடித்து, நம் கடலோரத்து உப்பு போர் தண்ணீரில் ஊறவைத்தால் மறுநாள் காலையில் மை மாதிரி கறுத்துக் கிடக்கும். அதில் அளந்து வரும் எண்ணை நம்ப முடியாது.

5 சதவீதம் இருந்தால் 1 கிராமில் 50 மில்லிகிராம். 50 மில்லியில் கரைந்திருப்பதால் மில்லிக்கு 1 மில்லிகிராம். அப்படியே கருவியில் செலுத்தினால் அடர்த்தி அதிகமாகி, கருவி வரையும் கோட்டின் உச்சி தட்டையாகிவிடும், கணக்கு தப்பும். பத்து மடங்கு நீர்த்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 280 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்க வேண்டும். ஒப்பிடுவதற்கான தூய எல்-டோபா கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும், நேற்றையது உதவாது. ஐப்பசி கார்த்திகையில் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் எடையில் சேர்ந்துவிடுவதால் விதையில் மருந்து குறைவாக இருப்பது போலக் காட்டும். அதனால் ஒரு பங்கைத் தனியே 105 டிகிரியில் உலர்த்தி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும்.

நரம்பு இதில் எங்கே வருகிறது? நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரு பக்கமும் ஒரு கருங்கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். டோபமின் செய்யும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. டோபமின் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் நிறமிதான் அந்தக் கறுப்பு. குடுவையில் விதைச் சாறு கறுப்பதும் இதற்கு நெருங்கிய வேதியியல்தான். பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் அந்தக் கோடு வெளுத்திருக்கும். டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, எல்-டோபா நுழைந்து அங்கே டோபமினாக மாறும். விதைக்கும் நரம்புக்கும் நடுவே நின்று பார்ப்பவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும். வேதாரண்யம் பக்கம் பயிராகும் செங்காந்தளும் இதே கதைதான். அதன் விதையிலுள்ள கால்சிசின் நரம்பிழைக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கும் நுண்குழல்களையே கலைத்துவிடும். எட்டி விதையின் ஸ்ட்ரிக்னின் தண்டுவடத்தில் தசையை அடக்கும் நரம்புச் செய்திகளைத் தடுக்கும்.

நரம்பை மட்டும் படிக்க எம்.எஸ்சி. மருத்துவ உடற்கூறியல் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். நல்ல படிப்புதான். ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் எம்பிபிஎஸ் அல்லாத ஆசிரியர்களுக்கு எத்தனை பங்கு என்பதை விதி அவ்வப்போது கூட்டும், குறைக்கும். அதை மட்டும் நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். வேதியியலோடு போனால் பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் நரம்பியல் பிஎச்.டி.க்கும் முயலலாம். மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுக்கும் சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் கருக்குழந்தையின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. அது ஒரு பொறியியல் நிறுவனம் என்பதைத் தாய்மாமனிடம் சொல்லுங்கள்.

செலவுக் கணக்கு: மன்னார்குடி ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரி, திருவாரூர் திரு.வி.க., கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி என்று நம் பக்கத்து அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். முதுநிலைக்கு ஐஐடிகளின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐஐடி, அல்லது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எழுதித் திருவாரூர் நீலக்குடியிலேயே மத்தியப் பல்கலைக்கழகம். அதன்பின் தேசிய அளவிலான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 23, 24 வயதில் அவளே சம்பாதித்துப் படிப்பாள்.

கசப்பானதையும் கேளுங்கள். ஜேஆர்எஃப் எல்லோருக்கும் கிடைக்காது. எம்.எஸ்சி.யோடு நின்றால் மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம்தான், ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பிஎச்.டி. முடிய 28, 29 வயது ஆகும். நடுவில் "கல்யாணத்தை எப்ப வைக்கிறது" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவள் அல்ல.

இனி உனக்கு, பாப்பா. பிளஸ் டூ ஆய்வகத்தில் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்தபோது, பியூரெட் அளவு மூன்று முறையும் ஒத்து வரும்வரை நீயாகவே திரும்பச் செய்தாயா, இல்லை பக்கத்துப் பெண்ணின் எண்ணைப் பார்த்து எழுதினாயா? முதலாவது என்றால் இந்த வழி உனக்குப் பிடிக்கும். இரண்டாவது என்றால் அப்பாவிடம் இன்றே சொல்லிவிடு, வேறு வழி பார்க்கலாம். மூன்றாவது முறை நீட் எழுத உனக்கே தோன்றினால் ஒழிய எழுதாதே.

இன்னொன்று, நீ உயிரியல் பிரிவு. கணிதம் படிக்காதிருந்தால் இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஜாம் வேதியியல் தாளில் பிளஸ் டூ அளவுக் கணிதமும் கேட்பார்கள். கல்லூரியில் துணைப்பாடமாகக் கணிதம் எடுக்க முடியுமா என்று சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டுவிடு. வகுப்பு தொடங்குவதற்குள் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களை வாங்கி, வகைநுண்கணிதமும் அணிகளும் வரும் பாடங்களை மட்டும் போட்டுப் பார். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.